சேலத்துக்குள் என்ன வருகிறது, என்ன போகிறது?

“சேலம் ரொம்பப் பெருத்துப்போச்சு.” டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இந்தப் பேச்சைக் கேட்காமல் இறங்க முடியாது. ஆளுக்கொரு சாட்சி வைத்திருப்பார்கள். ஒருவர் அஞ்சு ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தைக் காட்டுவார். இன்னொருவர் கொண்டலாம்பட்டிப் பக்கம் சென்ட் என்ன விலை விற்கிறது என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். மூன்றாமவர் ஜனத்தொகைக்குப் போவார். எல்லாமே உண்மைதான். ஆனால் ஒரு நகரம் எப்படிப் பிழைக்கிறது என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

அதைச் சொல்வதற்கென்றே ஒரு கருத்து இருக்கிறது: நகர வளர்சிதைமாற்றம். கருத்தரங்குகளிலும் செய்திகளிலும் அவ்வப்போது அடிபடும் சொல். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதை ‘வளர்ச்சி’ என்பதற்கே ஒரு கனமான பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்கு உடல் இளைக்கும் விளம்பரம் நினைவுக்கு வருகிறது. இரண்டுமே தப்பு. விஷயம் அவ்வளவு கடினமும் இல்லை.

## முதலில் ஒரு தள்ளுவண்டி

சாயங்காலம் ஆனால் சேலத்தில் தெருவுக்கு ஒரு தட்டுவடை செட் வண்டி வந்து நின்றுவிடும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம்; மேலே காரச் சட்னியும் பச்சைச் சட்னியும். முழுசாக வாய்க்குள் போட வேண்டும். நாகரிகமாகக் கடித்துச் சாப்பிடப் பார்த்தால் சட்டை போய்விடும்.

அந்த வண்டி எவ்வளவு பெரியது? ஆறடிக்கு மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவை வைத்து அதன் பிழைப்பைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? முடியாது. தட்டுவடை எந்த வீட்டில் சுட்டு வருகிறது, காய்கறி எத்தனை கிலோ இறங்குகிறது, எத்தனை குடம் தண்ணீர், எத்தனை பேர் வந்து போகிறார்கள், இரவு கடை கட்டும்போது தோலும் தட்டும் கழுவிய தண்ணீரும் எங்கே போகின்றன என்றெல்லாம் கேட்டால்தான் அந்த வண்டி என்ன என்பது தெரியும். வண்டி ஒரு இடம்தான். பிழைப்பு அதன் வழியாக ஓடுகிறது.

நகரத்தையும் இப்படிக் கேட்பதுதான் நகர வளர்சிதைமாற்றம். ஒரு நகரத்துக்குள் நீர், உணவு, எரிபொருள், சரக்கு, மனிதர்கள் எல்லாம் எவ்வளவு வருகின்றன, உள்ளே என்னவாக மாறுகின்றன, எந்த வடிவில் வெளியே போகின்றன என்ற கணக்கு அது. பள்ளிக்கூட உயிரியலில் படித்த அதே சொல்தான். தமிழில் அந்தச் சொல் ஆங்கிலத்தைவிட நன்றாகவே அமைந்திருக்கிறது. உள்ளே போனது உடம்பைக் கட்டுவது ‘வளர்’, கட்டியது உடைந்து கழிவது ‘சிதை’. நாம்தான் ஊரைப் பற்றிப் பேசும்போது முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

## மேட்டூர்ப் பெட்டிச் செய்தி

இந்தக் கணக்கு சேலத்துக்காரர்களுக்குப் புதிதே அல்ல. தினமும் பேப்பரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் பார்க்கிறோம்: மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி.

இதில் முதல் எண் ‘இருப்பு’. இந்த நிமிடத்தில் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது. மற்ற இரண்டும் ‘ஓட்டம்’. ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பது. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.) 120 அடியைத் தொட்டதும் ஊரே கொண்டாடுகிறது. ஆனால் விவசாயி முதலில் பார்ப்பது வரத்தைத்தான். நூறடி இருந்தும் வரத்து நின்றுவிட்டால் அவருக்குக் கவலை. எண்பதடிதான் இருக்கிறது, ஆனால் வரத்து அம்பதாயிரம் என்றால் அவர் முகமே வேறு.

ஜனத்தொகை, பரப்பளவு, கட்டிடங்களின் எண்ணிக்கை எல்லாம் இருப்புக் கணக்குகள். ‘பெருத்துப்போச்சு’ என்பது நீர்மட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைப்பது போல.

## ஒரு பொறியாளரின் கற்பனை ஊர்

இந்தக் கணக்கை நகரத்துக்குப் போட்டுக் காட்டி உலகத்தின் கவனத்தை இழுத்தவர் ஏபெல் வோல்மன். குடிநீரில் குளோரின் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற முறையை வகுத்தவர்களில் ஒருவரான அமெரிக்கப் பொறியாளர். 1965-ல் அவர் பத்து லட்சம் பேர் வாழும் ஒரு அமெரிக்க நகரத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதன் ஒரு நாள் வரவு செலவை எழுதினார். உள்ளே வருவது: தண்ணீர் 6,25,000 டன், எரிபொருள் 9,500 டன், உணவு 2,000 டன். வெளியே போவது: கழிவுநீர் 5,00,000 டன், குப்பை 2,000 டன், காற்றில் கலக்கும் மாசு 950 டன்.

இதில் கவனிக்க வேண்டியது தண்ணீரின் பங்கு. உணவையும் எரிபொருளையும் சேர்த்து வைத்தாலும் தண்ணீர் அவற்றைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். அதாவது ஒரு நகரம் பெரும்பாலும் தண்ணீர் ஓடும் குழாய்தான். மற்றதெல்லாம் எடையில் அதற்கு முன் தூசு. அப்புறம், வந்த தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாக வெளியே போகிறது என்பதையும் கவனியுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

சரி, சேலத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம். வோல்மனின் கற்பனை ஊரைவிடக் கொஞ்சம் சிறியது. ஆனால் அவருடைய அமெரிக்கர் தலைக்கு நாளொன்றுக்கு 550 லிட்டருக்கு மேல் செலவழித்தார். பாதாளச் சாக்கடை உள்ள இந்திய நகரங்களுக்குத் திட்டமிடுபவர்கள் வைக்கும் அளவு 135 லிட்டர். அப்படிப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு 11 கோடி லிட்டருக்கு மேல், சுமார் 1,12,000 டன். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஏற்றினால் 9,300 நடை. தினமும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நகரத்தை இருப்பாகப் பார்க்காமல் ஓட்டமாகப் பார்க்க வேண்டும், ஓட்டங்களில் பெரியது தண்ணீர்.

## காவிரியில் எடுத்து, காவிரியிலேயே விடுவது

ஒரு காலத்தில் சேலம் பனமரத்துப்பட்டி ஏரியைக் குடித்தது. 1911-ல் நகரத்தின் குடிநீருக்காகவே கட்டிய ஏரி. ஊர் வளர, ஏரி போதாமல் போக, மேட்டூருக்குக் குழாய் போட்டார்கள். இன்று வீட்டில் “மேட்டூர்த் தண்ணி வந்துதா?” என்று கேட்பதும், மற்றதை “உப்புத் தண்ணி” என்று ஒதுக்குவதும் அந்த மாற்றத்தின் மிச்சம். எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வாயிலேயே பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் போகிற தண்ணீருக்கு ஒரே பெயர்தான்: சாக்கடை.

அது எங்கே போகிறது? திருமணிமுத்தாற்றுக்கு. சேர்வராயன் மலையில் பிறந்து, நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய், நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேரும் ஆறு. மேட்டூரில் காவிரியிலிருந்து எடுத்த தண்ணீரைச் சேலம் பயன்படுத்தி, வழியில் சாயத்தையும் சோப்பையும் மற்றதையும் சேர்த்து, கீழே அதே காவிரியின் கையில் திருப்பிக் கொடுக்கிறது. வோல்மனின் ஐந்தில் நான்கு பங்கை இங்கே போட்டால், அந்த 135 லிட்டர் அளவுப்படி நாளொன்றுக்குச் சுமார் 9 கோடி லிட்டர். அது முழுவதும் ஆற்றைச் சேர்கிறது என்று சொல்லவில்லை. சுத்திகரிக்கப்படுவது உண்டு, நிலத்தில் இறங்குவதும் உண்டு. ஆனால் எங்கேயோ போய்த்தான் ஆக வேண்டும். ‘வெளியே’ என்று ஒரு இடம் கிடையாது. நம்முடைய வெளியே, கீழே இருக்கிற ஊரின் உள்ளே.

இங்கே இரண்டு சொற்கள். எடு, பயன்படுத்து, தள்ளு என்று ஒரே திசையில் போவது ‘நேர்கோட்டு ஓட்டம்’. போனதில் ஒரு பங்கு சுற்றி மறுபடியும் பயனுக்கு வருவது ‘சுழல் ஓட்டம்’. கேள்வி எல்லாம் எது எவ்வளவு என்பதுதான்.

ஒரு சின்ன வீட்டுக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாநகராட்சியின் பரப்பு 91.34 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழை 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்தப் பரப்பின்மேல் விழும் மழையை 365 நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு 22 கோடி லிட்டருக்கு மேல் வருகிறது. அந்த 11 கோடியைப்போல் இரண்டு மடங்கு! இதைச் சொன்னால் உடனே “அப்புறம் எதற்கு மேட்டூர்?” என்பார்கள். அவசரப்பட வேண்டாம். மழை தினமும் பெய்வதில்லை. பெய்ததில் பெரும்பகுதி ஆவியாகும், மண் குடிக்கும், பிடித்து வைக்க ஏரியும் வேண்டும். ஆனாலும் தலைமேல் விழுகிற ஓட்டத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டு, தூரத்து ஓட்டத்தை மோட்டார் வைத்து இழுக்கிறோம் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. ஏற்காட்டு மலைத் தண்ணீர் வந்து சேரும் கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஊர்க்காரர்கள் தூர்வாரி மீட்டது இதனால்தான் முக்கியம். அழகுக்காக மட்டும் என்றால் பூங்காவே போதும்.

## ஜவ்வரிசிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

குழாயில் வராத ஓட்டங்களும் உண்டு. சேலத்தின் சேகோ ஆலைகள், அதாவது ஜவ்வரிசி ஆலைகள், அதற்கு நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. இங்கே குச்சிக்கிழங்கிலிருந்து (மரவள்ளிதான்) அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரு ஆலைக்குள் நடப்பதைப் பாருங்கள். மண்ணோடு கிழங்கு வருகிறது. தோல் சீவி, கழுவி, அரைத்து, மாவைத் தண்ணீரில் படியவிட்டு எடுக்கிறார்கள். மாவு ஜவ்வரிசியாகிறது. சக்கை ‘திப்பி’ என்று காயவைத்து மாட்டுத் தீவனமாகப் போகிறது. அந்த மட்டும் சுழல். கழுவிய தண்ணீர், ஒழுங்காகச் சுத்திகரிக்காவிட்டால், நாற்றத்தோடு ஓடையில் நிற்கும்.

நாம் இங்கே ஜவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் மேல் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. பெரிய சந்தை மகாராஷ்டிரம். அங்கே விரத நாளில் கிச்சடி. அந்தக் கிச்சடியில் சேலத்துக் கிணற்றுத் தண்ணீரும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். கிழங்கு விளைய ஒரு பங்கு, ஆலையில் கழுவ ஒரு பங்கு. ஒரு பொருளை உண்டாக்கச் செலவான தண்ணீருக்கு ‘மறைநீர்’ என்று பெயர். மேட்டூர்த் தண்ணீருக்கு நாம் கடன்பட்டவர்கள் என்றால், மறைநீரில் நாமும் வெளியூருக்குக் கொடுப்பவர்கள்தான். நகரம் கிராமத்தை உறிஞ்சுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

சுழல் ஓட்டத்துக்கு நல்ல வாத்தியார் வேண்டுமென்றால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே தரையைக் கூட்டிய தூசியைக்கூடத் தூக்கி எறிய மாட்டார்கள். அதை உருக்கி வெள்ளி எடுப்பார்கள். விலை இருக்கிற இடத்தில் குப்பை என்று ஒன்று இல்லை. தண்ணீருக்கு அந்த விலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மேட்டூரில் அனல்மின் நிலையம் இருப்பதால் நம் வீட்டு விளக்கு மேட்டூர் மின்சாரத்தில் எரிகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் எல்லாம் ஒரே மின்தொகுப்பில் கலந்துதான் வருகிறது. பக்கத்தில் இருப்பதெல்லாம் நமக்கு வருவதில்லை என்று மட்டும் குறித்துக்கொள்வோம்.

## மனிதர்களும் ஓட்டம்தான்

காலை ஏழு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஜனத்தொகை என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் காணும். ஓமலூர், இளம்பிள்ளை, அயோத்தியாப்பட்டணம் என்று ஒவ்வொரு திசையிலிருந்தும் பஸ் வந்து கொட்டுகிறது. ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வருகிற பெண்கள், காலேஜ் பிள்ளைகள், கட்டட வேலையாட்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளும் கூட வருகிறவர்களும். புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ராசிபுரம், தர்மபுரி வரை நீளும். மாவட்ட எல்லை இவர்களில் யாரையும் தடுப்பதில்லை.

இரவில் ஊரில் தூங்குகிறவர்களின் எண்ணிக்கைதான் கணக்கெடுப்பில் வருகிறது. பகலில் ஊரில் இருப்பவர்கள் ‘பகல் மக்கள்தொகை’. தண்ணீர் குடிப்பதும், கழிப்பறை தேடுவதும், குப்பை போடுவதும் இந்தப் பகல் கூட்டமும் சேர்ந்துதான். இரவுக் கணக்கை வைத்துக் கட்டிய கழிப்பறையில் பகலில் வரிசை நிற்கத்தான் செய்யும்.

ஊர் ஏன் இப்படிப் பரவுகிறது என்பதற்கு ஒரு அழகான விளக்கம் உண்டு. உலகில் பல ஊர்களில் அளந்து பார்த்தவர்கள் கண்டது: மனிதர்கள் தினமும் போக வரச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தைச் சுற்றியே இருக்கிறது. நடந்தாலும் சரி, வண்டியில் போனாலும் சரி. இதைப் ‘பயண நேர வரம்பு’ என்று சொல்லிக்கொள்வோம். அரை மணி நடந்தால் இரண்டரை கிலோமீட்டர். கோட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று பழைய சேலம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதற்கு அதுவே காரணம். கையில் பைக் வந்ததும் அதே அரை மணியில் பதினைந்து கிலோமீட்டர். தூரம் ஆறு மடங்கு என்றால் பரப்பு முப்பத்தாறு மடங்கு. ஓமலூரில் மனை வாங்கலாம் என்ற எண்ணம் வருவது அப்போதுதான்.

அதனால்தான் மேம்பாலம் கட்டினால் நேரம் மிச்சமாகும் என்பதை நான் பாதிதான் நம்புவேன். 2020-ல் அஞ்சு ரோடு பாலம் திறந்த புதிதில் மிச்சமானது உண்மை. ஆனால் மிச்சமான நிமிடங்களை மக்கள் வீட்டில் உட்கார்ந்து செலவழிப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வீடு கட்டிச் செலவழிக்கிறார்கள். வேகத்தோடு பயணச் செலவும் ஓட்டத்தை மாற்றும். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, பஸ் காசுக்குக் கட்டுப்படியாகாத வேலையும் கட்டுப்படியாகும் வேலை ஆனது. ஒரு செங்கல்கூட வைக்காமல் நகரத்தின் வாசல் அகலமானது.

சுருக்கமாக, ஊர் என்பது இரவில் தூங்குகிறவர்கள் மட்டும் அல்ல. அதன் விளிம்பு, ஒரு மணி நேரத்தில் போய்வர முடிகிற இடம் வரை.

## ஆடி மாதத்தில் ஊர் சாப்பிடுவது

கலாசாரம் என்றால் இதற்கெல்லாம் மேலே வைத்த பூ என்று நினைப்பவர்கள் உண்டு. பூவிலிருந்தே தொடங்கலாம். ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டுவார்கள். எட்டுப் பேட்டைக்கும் தாய் என்று கொண்டாடப்படும் அம்மன். பேட்டைகளில் உள்ள மாரியம்மன் கோயில்களிலும் அதே நேரத்தில் திருவிழா. மாவட்டத்துக்கே ஒரு நாள் உள்ளூர் விடுமுறை. அத்தனை கோயிலுக்கும் வேண்டிய அரளியில் பெரும்பங்கு பனமரத்துப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த அதே பனமரத்துப்பட்டிதான். விடிகாலையில் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் இறங்கி, காலையில் அம்மன் கழுத்தில் ஏறி, அடுத்த நாள் குப்பை வண்டியில் ஏறுகிறது. வளர், சிதை, இருபத்து நாலு மணி நேரத்துக்குள்.

குகையில் வண்டி வேடிக்கை அன்று அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடம் கட்டியவர்கள் வருவார்கள். பார்க்கிற கூட்டம் முழுவதும் அந்தத் தெருக்காரர்கள் அல்ல. வேலைக்காக வெளியூர் போன பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள், சுற்றுப்பட்டு ஊர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகின்றன. வழக்கமான பயண ஓட்டம் அன்று ஒரு நாள் வேலைக்காக இல்லாமல் பார்ப்பதற்காக ஓடுகிறது. பாதை அதே பாதைதான். காலை ஏழு மணி பஸ் பழக்கிய பாதை.

மே மாதத்தில் இது தலைகீழ். ஏற்காட்டில் கோடை விழா என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நகரம் மேலே ஏறுகிறது. மலையிலிருந்து காப்பியும் மிளகும் கீழே வரும். கீழிருந்து மனிதர்களும் தண்ணீர் பாட்டிலும் மேலே போகும். காலிப் பாட்டிலை யார் கீழே கொண்டுவருகிறார்கள் என்பதை அடுத்த முறை வளைவில் வண்டி திரும்பும்போது சரிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்காடு சாலையில் ஒரு நுழைவு வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம். நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். முதல் மலையாளப் பேசும்படமும் 1938-ல் அவர்கள் எடுத்ததுதான். எழுத்தாளர்களும் நடிகர்களும் எங்கெங்கிருந்தோ சேலத்துக்கு வந்து சம்பளம் வாங்கிய காலம். ஆட்கள் வருவது நின்றது, வளைவு இருக்கிறது. இருப்புக்கும் ஓட்டத்துக்கும் வித்தியாசம் கேட்கிற பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாம்.

## இந்த உவமை எங்கே பொய்க்கும்

நகரத்தை உடம்பு என்று சொன்னாலும் அது உடம்பு இல்லை. உடம்பில் ரத்தம் எல்லா விரலுக்கும் போகும். நகரத்தில் அப்படியில்லை. தலைக்கு 135 லிட்டர் என்பது காகிதத்தில் உள்ள அளவு. தொட்டிக்கு மோட்டார் போடுகிற வீடும், தெருக்குழாயில் குடம் வரிசை போடுகிற வீடும் அதற்குள் ஒன்றாகவே தெரியும். மொத்த வரத்தைச் சொல்லும் கணக்கு, யாருக்கு வந்தது என்று சொல்லாது. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். குப்பைக்கும் அப்படியே. சேர்கிறது நகரம் முழுவதிலும். நாற்றம் செட்டிச்சாவடிக் கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு.

இன்னொன்று, உடம்புக்குத் தோல் இருக்கிறது. நகரத்துக்கு எல்லை எது? 91.34 சதுர கிலோமீட்டர் வரி வாங்குவதற்கான எல்லை. தண்ணீருக்கு மேட்டூர் முதல் நஞ்சை இடையாறு வரை, பூவுக்குப் பனமரத்துப்பட்டி, ஆளுக்கு ராசிபுரம், ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எல்லை. எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் அடைக்க முடியாது என்பதே இந்தக் கருத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பிடிபடாத இடம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் எங்கள் தெரு முனைத் தட்டுவடை வண்டிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். பீட்ரூட் எங்கிருந்து வருகிறது என்றால் “மார்க்கெட்லதாங்க” என்றார். மார்க்கெட்டுக்கு? “அது மலைக்காயிங்க, ஊட்டிப் பக்கம்.” தட்டுவடை? பொன்னம்மாப்பேட்டையில் ஒரு அக்கா சுட்டுக் கொடுக்கிறாராம். பாத்திரம் கழுவின தண்ணி எங்கேண்ணே போகும் என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. வண்டிக்குக் கீழே ஓடுகிற சாக்கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காரம் போடட்டுங்களா?” என்றார்.